ஆறாம் தரம் என்னும் கடவை

நமது சமூகத்தில் பிள்ளைகளின் கல்வி பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு பரீட்சைகளைச் சுற்றியே நடக்கிறது. ஒன்று ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை; எங்கட வீடுகளில் சொல்லுகிற மாதிரிச் சொன்னால் 'கொலசிப்'. மற்றது க.பொ.த. சாதாரண தரம், அதாவது ஓ.எல். இந்த இரண்டுக்கும் இடையில் ஆறு வருடங்கள் கிடக்கின்றன. அந்த ஆறு வருடங்களுக்கும் வாசற்படியாக இருக்கிற ஆறாம் தரத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு. புள்ளை போகுது, வருது, அது போதும் என்று இருந்துவிடுகிறோம்.

கினிகத்தேனைப் பக்கத்தில் நீண்ட காலம் ஆசிரியத் தொழில் செய்தவன் நான். அதில் பல வருடங்கள் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையான இடைநிலைப் பிரிவுக்குப் பகுதித் தலைவராக இருந்தேன். ஓ.எல். பரீட்சையில் தவறுகிற பிள்ளைகளின் பழைய முன்னேற்ற அறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். அவர்களில் பலருடைய சரிவு பத்தாம், பதினோராம் தரத்தில் தொடங்கியிருக்காது. ஆறாம் தரத்தின் முதல் இரண்டு தவணைகளிலேயே தொடங்கியிருக்கும். அதுவரை எண்பதும் தொண்ணூறும் எடுத்த பிள்ளை திடீரென நாற்பதுக்கு இறங்கியிருக்கும். வரவு நாட்கள் குறைந்திருக்கும். ஆசிரியர் குறிப்பில் 'இன்னும் முயற்சி தேவை' என்ற ஒரே வசனம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். இது ஏன் நடக்கிறது, வீடும் பாடசாலையும் பள்ளிவாசல் ஜமாஅத்தும் இதற்கு என்ன செய்யலாம் என்பதையே இங்கு விளக்க முனைகிறேன்.

பழைய எல்லைக்கல்

மலையகத்தில் ஐந்தாம் தரத்தோடு படிப்பு அறுந்து போவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. பத்து வயதுக்கு மேல் அந்தக் கடமை இல்லை. அந்த வயதில் பிள்ளை கொழுந்து மலைக்குப் போவது வழக்கமாயிற்று. 1945இல் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அப்போதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தின் கையிலேயே இருந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். 1942இல் கம்பளை ஸாஹிராக் கல்லூரியின் முதல் அதிபராக இருந்தவரும் அவரே. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றில் நமது சமூகத்து மனிதர் ஒருவரின் பெயரும் இப்படி இடம்பெற்றிருக்கிறது.

இன்று சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பாடநூல் 1980 முதலும், சீருடை 1993 முதலும் இலவசம். ஆனாலும் தோட்டங்களில் உள்ள பல சிறிய பாடசாலைகள் இன்னும் ஐந்தாம் தரத்தோடு நிற்கின்றன. ஆறாம் தரத்துக்குப் பிள்ளை வேறு பாடசாலை தேடிப் போகவேண்டும். சட்டத்தில் இருந்த பழைய எல்லைக்கல் போய்விட்டது. அது நின்ற இடத்தில் பாதை மட்டும் இன்னும் சரியாகப் போடப்படவில்லை.

முஸ்லிம் பிள்ளையின் நிலை இதிலே கொஞ்சம் வேறு. கினிகத்தேனை, அவிசாவளை - ஹட்டன் வீதியில் நாவலப்பிட்டிக்குப் பாதை பிரிகிற ஊர். எங்கட ஆட்கள் இங்கே பெரும்பாலும் கடை வியாபாரத்தை நம்பி வாழுகிறவர்கள். எண்ணிக்கையில் சிறிய கூட்டம். பிள்ளை ஐந்தாம் தரம் முடித்ததும் மூன்று பாதைகள் தெரியும். மேலே ஹட்டன் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலை. கீழே நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம் ஒரு முஸ்லிம் பாடசாலை. அல்லது ஊரிலேயே சிங்கள மொழிமூலம். முதல் இரண்டுக்கும் பஸ் ஏற வேண்டும்; மூன்றாவதுக்கு மொழி மாற வேண்டும். எந்தப் பாதையில் போனாலும், பதினொரு வயதில் அந்தப் பிள்ளை ஒரு பெரிய கடவையைத் தாண்டுகிறது.

உள்ளே என்ன மாறுகிறது?

ஆரம்பப் பிரிவில் பிள்ளைக்கு ஒரு வகுப்பாசிரியர். பெரும்பாலான பாடங்களை அவரே கற்பிப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வீட்டில் பிரச்சினை என்றாலும் அவருக்குத் தெரியும். ஆறாம் தரத்தில் ஒரு நாளைக்குப் பல பாடவேளைகள். தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமயம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம், அழகியல், இரண்டாம் மொழியாகச் சிங்களம், செயல்முறைத் தொழில்நுட்பம் என்று பாடங்கள் பன்னிரண்டு அளவில் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர், ஒரு கொப்பி, ஒரு வீட்டுவேலை. நாலாம் பாடவேளை சேருக்கு ரெண்டாம் பாடவேளை டீச்சர் என்ன வேலை கொடுத்தார் என்று தெரியாது. பிள்ளையைப் பத்துப் பேருக்குத் தெரியும் போலிருக்கும். முழுதாக ஒருவருக்கும் தெரியாது.

பாடத்தின் மொழியும் மாறுகிறது. ஐந்தாம் தரம் வரை 'சுற்றாடல்' என்று ஒரே பாடமாக இருந்தது, இப்போது பல பாடங்களாகப் பிரிகிறது. விஞ்ஞானத்தில் திணிவு, கனவளவு, ஒளித்தொகுப்பு போன்ற சொற்கள் வருகின்றன. கணிதத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து வருகிற அட்சரகணிதம் தொடங்குகிறது. இந்தச் சொற்களைப் பிள்ளை வீட்டிலோ கடையிலோ ஒருநாளும் கேட்டிருக்காது. வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் வாசித்தது விளங்காமல் தடுமாறும். அதைக் கேட்கவும் வெட்கப்படும். ஐந்தாம் தரத்தில் 'டீச்சர், விளங்கல்ல' என்று எழும்பிச் சொன்ன அதே பிள்ளை, ஆறாம் தரத்தில் வாய் திறக்காமல் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். கொப்பி அழகாக நிறைந்திருக்கும். உம்மாவும் வாப்பாவும் கொப்பியைப் பார்த்துச் சந்தோசப்படுவார்கள். தவணைப் பரீட்சை வரும்போதுதான் உண்மை தெரியவரும்.

மூன்றாவது மாற்றம் மனதில் நடப்பது. அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று லட்சம் பிள்ளைகள் கொலசிப் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுப்பவர்கள் சுமார் ஆறில் ஒருவர். வசதி கூடிய பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவதற்கும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுப்பதற்கும் நடத்தப்படுகிற பரீட்சை அது. பிள்ளையின் அறிவுக்குச் சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை அல்ல. நாமோ அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். அதனால் ஆறில் ஐந்து பிள்ளைகள், 'நான் ஃபெயில்' என்ற நினைப்போடு ஆறாம் தரத்துக்குள் காலடி வைக்கிறார்கள்.

சித்தியடைந்த பிள்ளைக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. இருபது பேர் வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருந்தவர், பெரிய பாடசாலையில் நாற்பது கெட்டிக்காரர்களுக்கு நடுவில் இருபத்தைந்தாவதாக வருவார். அவருடைய அறிவு ஒரு அங்குலமும் குறையவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் தன்னைப் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பு இறங்கிவிடுகிறது. சிறிய குளத்தில் பெரிய மீனாக இருந்தது பெரிய குளத்துக்குப் போனதும் சின்ன மீனாகத் தன்னை நினைத்துக்கொள்வதை, ஹேர்பட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களில் ஆய்வு செய்து எழுதினார். பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் இது உறுதியானது. கொலசிப் பாஸ் பண்ணிய பிள்ளை ஆறாம் தரத்தில் சோர்ந்து போனால், 'பெரிய ஸ்கூலுக்குப் போய்த் திமிர் வந்திட்டு' என்று ஏசுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பாதையும் மழையும் நோன்பும்

இவற்றோடு எங்கட ஊருக்கே உரிய சிரமங்களும் சேருகின்றன. கினிகத்தேனை, வட்டவளைப் பகுதி இலங்கையிலேயே மழை கூடிய இடங்களில் ஒன்று. தென்மேல் பருவ மழை மே மாதத்தில் தொடங்கும். வழக்கமான ஆண்டில் இரண்டாம் தவணை நடக்கிற காலம் அது. மண் சரிந்து பாதை மூடும், பஸ் பிந்தும், ஒரே சோடிச் சப்பாத்து மூன்று நாள் காயாது. முதல் தவணையில் எப்படியோ தாக்குப்பிடித்த பிள்ளை, இந்தக் காலத்தில் கிழமைக்கு ரெண்டு நாள் நின்றுவிடும். கணிதத்தில் ரெண்டு நாள் நின்றால் அடுத்த ரெண்டு கிழமைக்கு ஒன்றும் விளங்காது. பிறகு விளங்காத வகுப்புக்குப் போக மனம் வராது.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கு விடுமுறை தருகிற தனி நாட்காட்டி உண்டு. தமிழ், சிங்களப் பாடசாலைகளில் படிக்கிற எங்கட பிள்ளைகளுக்கு அந்த விடுமுறை இல்லை. பதினொரு வயது என்பது, முப்பது நோன்பையும் பிடித்துவிட வேண்டும் என்று பிள்ளை ஆசைப்படுகிற வயது. தராவீஹ் முடித்துப் பத்து மணிக்குப் படுத்து, ஸஹருக்கு எழும்பி, ஆறு மணிக்கு பஸ் ஏறுகிற பிள்ளை, ஐந்தாம் பாடவேளையில் மேசையில் தலை வைக்கிறது. அது ஏன் என்று அங்குள்ள ஆசிரியருக்குச் சொன்னவர் யார்? தகப்பன் ஒரு சிறு கடிதம் கொடுத்தாலே போதும்; பெரும்பாலான ஆசிரியர்கள் மிகுந்த பரிவோடு நடந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன்.

பெண் பிள்ளைகள் விடயத்தைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். ஆறாம், ஏழாம் தரத்தில்தான் அநேகம் பேர் பெரியபிள்ளை ஆகிறார்கள். சில வீடுகளில் பல நாட்கள் மறித்துவைக்கிறார்கள். பிறகும் மாதா மாதம் ரெண்டு மூன்று நாள் வராமல் விடுகிறார்கள். பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர் இல்லாததே பல இடங்களில் காரணம். அதோடு, 'பஸ்ஸில அனுப்பப் பயம் சேர்' என்ற வார்த்தையும் வந்துவிட்டால், அந்தப் பிள்ளையின் படிப்பு எட்டாம் தரத்துக்குள் முடிகிறது. ஆண் பிள்ளைக்கு வேறு வசனம் இருக்கிறது: 'படிப்பு ஏறுதில்ல சேர், கடையில நிப்பாட்டப் போறன்.' ரெண்டு வசனங்களையும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ரெண்டுக்கும் முன்னால் ஆறாம் தரத்து ரிப்போர்ட் ஒன்று மேசையில் இருக்கும்.

'இது கடந்து போகும்' என்று யார் சொல்வது?

2019இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி போர்மன் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விஸ்கொன்சின் மாநிலத்தின் மெடிசன் நகரில், 11 இடைநிலைப் பாடசாலைகளில் புதிதாக ஆறாம் தரத்துக்கு வந்த 1,300க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு, மேல் வகுப்பு மாணவர்களின் அனுபவங்கள் வாசிக்கக் கொடுக்கப்பட்டன. 'வந்த புதிதில் எனக்கும் பயமாக இருந்தது, நண்பர்கள் இல்லை, பாடம் கஷ்டம், பிறகு சரியாகிவிட்டது' என்ற வகையான அனுபவங்கள். வாசித்த பின் தங்கள் மனதில் உள்ளதைச் சில வரிகள் எழுதச் சொன்னார்கள். மற்றப் பகுதியினர் வேறு சாதாரண விடயங்களை வாசித்து எழுதினர். வருட முடிவில் பார்த்தபோது, முதல் பகுதியினர் பாடசாலைக்கு வராமல் விட்ட நாட்களும், ஒழுங்குப் பிரச்சினைகளும், தவறிய பாடங்களும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பிள்ளைக்குக் கிடைத்தது ஒரே ஒரு செய்தி: 'இந்தக் கஷ்டம் உனக்கு மட்டும் வந்ததில்லை, இது நிலைக்கப் போவதுமில்லை.' இதைத் தெரியாத பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டிவிடுகிறது. மெடிசன் வேறு உலகம், எங்கட மலை வேறு உலகம்தான். ஆனாலும் புது வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிற பதினொரு வயதுப் பிள்ளையின் பயத்துக்கு ஊர் வித்தியாசம் அதிகம் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, பாடசாலை தொடங்குவதற்கு முன் ஒருநாள் பிள்ளையோடு அதே பஸ்ஸில் போய் வாருங்கள். எங்கே இறங்குவது, வகுப்பு எந்தக் கட்டடம், தண்ணீர்க் குழாய் எங்கே, மலசலகூடம் எங்கே, பஸ் தவறினால் எந்தக் கடையில் நிற்பது என்பவற்றைக் காட்டிக் கொடுங்கள். முதல் நாள் பயத்தில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, நேரசூசியை ஒரு பெரிய தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். புத்தகப் பையை இரவிலேயே பிள்ளையே அடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத உம்மாவும், 'நாளைக்கி மூணாம் பாடம் என்ன மகன்?' என்று கேட்க முடியும். பன்னிரண்டு பாடங்களைத் தன் கையில் வைத்திருக்கப் பழகுவதே ஆறாம் தரத்தின் முதல் பாடம்.

மூன்றாவது, கேள்விகளை மாற்றுங்கள். 'எத்தன மார்க்ஸ்?' என்ற கேள்விக்குப் பொய்யும் பதிலாக வரலாம். 'இன்டைக்கி யாரோட உக்காந்து சாப்பிட்ட?', 'எந்தப் பாடத்தில விளங்காம போச்சி?' என்று கேட்டால் பிள்ளை பேசும். யாரோடும் சாப்பிடவில்லை என்று ஒரு கிழமை தொடர்ந்து சொன்னால், வகுப்பாசிரியரைப் போய்க் காண வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நான்காவது, ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் பாடநூலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விஞ்ஞானம் ஒருநாள், வரலாறு ஒருநாள். வாசித்த பக்கத்தைத் தன்னுடைய பேச்சில் சொல்லிக்காட்டச் செய்யுங்கள். 'திணிவு எண்டா என்ன?' என்று உம்மா கேட்க, பிள்ளை அரிசிப் பையைக் காட்டி விளக்கினால், அந்தச் சொல் பிள்ளைக்குச் சொந்தமாகிவிட்டது. நாலு டியூஷன் வகுப்புக்கு அனுப்பி நித்திரையைப் பறிப்பதைவிட இது பலன் தரும்.

ஐந்தாவது, முதல் தவணை ரிப்போர்ட்டைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். ஐந்தாம் தரப் புள்ளியோடும், மச்சானுடைய பிள்ளையின் புள்ளியோடும் ஒப்பிட வேண்டாம். இரண்டாம் தவணை வரும்வரை பொறுத்து, அதே பிள்ளையின் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு பாடத்தில் நாலு பாடம் ஏறியிருந்தால் பிள்ளை கால் ஊன்றத் தொடங்கிவிட்டது. ஒன்றுமே ஏறாவிட்டால், அப்போதும் கேட்க வேண்டியது 'எங்க தடக்குது?' என்றுதான். கண்பார்வை மங்கலாகி, பின் வாங்கில் இருந்து கரும்பலகை தெரியாமல் போன பிள்ளைகளும் இந்த வயதில் உண்டு.

பாடசாலையும் ஜமாஅத்தும்

பகுதித் தலைவராக இருந்த காலத்தில் ஒரு எளிய வேலை செய்துவந்தோம். நாலாம் கிழமை முடிவில் ஆறாம் தரத்துக்குக் கற்பிக்கிற எல்லா ஆசிரியர்களும் ஒரு பாடவேளை ஒன்றாக உட்காருவோம். மாணவர் பெயர்ப் பட்டியல் நடுவில் இருக்கும். தான் தனியாக ஒரு தடவையாவது பேசிய பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒவ்வொருவரும் ஒரு கோடு போட வேண்டும். சில பெயர்களுக்கு ஏழு கோடு விழும். நாலைந்து பெயர்களுக்கு ஒரு கோடும் விழாது. குழப்படி செய்கிற பிள்ளைகளுக்கு எப்போதும் கோடு உண்டு. கோடு விழாத பிள்ளைகள் சத்தம் இல்லாதவர்கள், பெரும்பாலும் தூரத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களை ஆளுக்கொருவராகப் பொறுப்பெடுத்துக்கொள்வோம். அதோடு, ஒவ்வொரு பஸ் பாதையிலும் வருகிற ஏழாம், எட்டாம் தரப் பிள்ளை ஒருவரைப் புதியவர்களுக்கு நானாவாக, ராத்தாவாக, அண்ணனாக, அக்காவாக நியமிப்போம். மெடிசன் பிள்ளைகள் தாளில் வாசித்ததை எங்கட பிள்ளைகள் பஸ் சீட்டில் கேட்டார்கள்.

ஜமாஅத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது குர்ஆன் மத்ரஸா நேரம் பற்றியது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பின்னேரம் மூன்று மணிக்கு வந்து சேருகிற பிள்ளை, அஸருக்குப் பின் மத்ரஸா போய், மஃரிபுக்குப் பின் டியூஷன் போனால், பாடம் படிப்பது எப்போது? ஆறாம் தரப் பிள்ளைகளுக்கு முதல் தவணையில் மட்டுமாவது ஓதலைச் சனி, ஞாயிறு காலைக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஓதலும் நிற்காது, பிள்ளையும் களைக்காது.

இரண்டாவது பைத்துல்மால் பற்றியது. 1945இலேயே ஏ.எம்.ஏ. அஸீஸ் முஸ்லிம் மாணவர்களின் உயர் கல்விக்கு உதவ ஒரு நிதியத்தை அமைத்தார். அந்த வழியில் பல்கலைக்கழகம் போகிறவருக்கு உதவ நமக்கு மனம் வருகிறது, அது நல்லது. ஆனால் பல்கலைக்கழக வாசலுக்கு வரவேண்டிய பிள்ளை ஆறாம் தரத்தில் ஒரு மழைக் காலத்தில் நின்றுவிடுகிறது. ஜனவரியில் எல்லாருக்கும் கொப்பி பங்கிடுகிற பணத்தில் ஒரு பகுதியை மே மாதத்துக்கு ஒதுக்கிவையுங்கள். இரண்டாவது சோடிச் சப்பாத்து, ஒரு மழைக் கோட்டு, பஸ் சீசன் காசு, தேவையான பிள்ளைக்கு ஒரு கண்ணாடி: ஒரு பிள்ளையின் வருடத்தைக் காப்பாற்ற இவை போதும். அதே பஸ்ஸில் அதே மழையில் நனைந்து வருகிற தோட்டத்துப் பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்கட்டும். ஒரே வாங்கில் உட்காருகிற பிள்ளைகள் அவர்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்குக் கிடைக்கிற நேரத்தில், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆறாம் தரத்தில் ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் அதிலிருந்தே தொடங்கலாம். வருகிற கிழமை ஒருநாள் கடையை ஒரு மணித்தியாலம் பிந்தித் திறந்தால் போதும்.